ஹீரோவுக்கு மனசாட்சியா ஒரு கூட்டாளி: அந்த கேரக்டரை எழுதுறதுக்கு முழு வழிகாட்டி

ஹீரோ தப்பான பக்கம் சாயுறான், கூட இருக்குற ஒருத்தர் சட்டையப் பிடிச்சு இழுக்குறார். அது நண்பனா இருக்கலாம், அக்காவா இருக்கலாம், கூட வேலை பாக்குறவரா இருக்கலாம், பேசுற பூச்சியா கூட இருக்கலாம். இந்த வழிகாட்டி அந்த "இழுக்குற ஆள்" பத்தினது.

புதுசா எழுதுறவங்க டிராஃப்டைப் படிச்சு திருத்திக் கொடுக்கும்போது நான் திரும்பத் திரும்ப பாக்குறது ஒரே விஷயம்தான், எல்லாரும் கூட்டாளிய முதல்ல உருவாக்கிடுறாங்க, நல்லவர், பொறுமைசாலி, எல்லாம் தெரிஞ்சவர்னு, அப்புறம் அவருக்கு என்ன வசனம் குடுக்குறதுன்னு தேடுறாங்க, ஒண்ணும் கிடைக்காததால அங்க அறிவுரை வந்து உக்காந்துக்குது. வாசகர் அந்தப் பத்திய தாண்டிப் போயிடுவார். வரிசைய மாத்தினாலே பாதி பிரச்சனை தீந்துடும், அதனால கீழ இருக்குற ஸ்டெப்களை முன்ன பின்ன போட்டு செய்யாதீங்க.

உதாரணத்துக்கு ஒரே கதைய கடைசி வரைக்கும் எடுத்துக்குறேன். கதிர் ஒரு கட்டுமான கம்பெனில இன்ஜினியர். சென்ட்ரிங் பிரிச்சப்போ ஒரு தூண்ல ஹனிகோம்ப் விழுந்திருக்கு, அதாவது உள்ள காங்கிரீட் சரியா நிரம்பாம ஓட்டை ஓட்டையா இருக்கு. மேல பூசி மறைச்சுட்டு "சரியா இருக்கு"ன்னு கையெழுத்து போடச் சொல்லுது கம்பெனி. கூட இருக்குறவர், அவனுக்கு சைட் வேலையே கத்துக் கொடுத்த ஒரு வயசான மேஸ்திரி.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

ரெண்டே ரெண்டு. ஒண்ணு, ஹீரோ எடுக்கப் போற ஒரு முடிவு. "அவன் கெட்டவனா மாறுறான்" அப்படின்றது முடிவு இல்ல, "அந்த பேப்பர்ல கையெழுத்து போடுறானா இல்லையா" அப்படின்றதுதான் முடிவு. ரெண்டு, யாரும் தடுக்கலன்னா கதை எங்க போய் முடியும்னு ஒரு வரி.

இது இல்லாம கூட்டாளிய எழுத உக்காந்தா அவர் எதை எதிர்க்குறார்னு அவருக்கே தெரியாது, பொதுவா நல்லதையே பேசிக்கிட்டு இருப்பார். பொதுவா நல்லது பேசுறவங்களை நிஜத்துலயே நாம முழுசா கேக்குறதில்ல.

2. ஹீரோவோட சாக்கை எழுதுங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப், பெரும்பாலானவங்க தாண்டிப் போறதும் இதைத்தான். தப்பு பண்றவன் யாரும் "நான் தப்பு பண்றேன்"னு நினைச்சுக்கிட்டு பண்றதில்ல, அவன்கிட்ட ஒரு சாக்கு இருக்கும். அதை அவன் வாயாலயே ஒரு வாக்கியத்துல எழுதுங்க.

கதிரோட சாக்கு: "நான் கையெழுத்து போடலன்னா வேற ஆளை வச்சு போட வச்சிருவாங்க, தூண் அப்படியேதான் இருக்கும், என் வேலை மட்டும்தான் போகும்."

படிச்சா பாதி உண்மையா இருக்குல்ல? இருக்கணும். முழுப் பொய்யான சாக்குக்கு மனசாட்சியே தேவையில்ல, யார் வேணா உடைச்சிடலாம். எழுதின சாக்கை நீங்களே உரக்கப் படிச்சுப் பாருங்க, "சரி, அதுவும் நியாயம்தானே"ன்னு ஒரு நிமிஷம் உங்களுக்கே தோணணும். தோணலன்னா திரும்ப எழுதுங்க. "பேராசை", "பணத்திமிர்"னு ஒத்த வார்த்தைல எழுதி வச்சிருந்தா அது சாக்கே இல்ல, வெளியில இருந்து நீங்க ஒட்டின லேபிள்.

3. சாக்குல இருந்து கூட்டாளிய வெட்டி எடுங்க

இப்பதான் கூட்டாளி வரார். கேக்க வேண்டிய கேள்வி, "யார் நல்லவர்?" இல்ல. "இந்த சாக்கை யார் முன்னாடி சொன்னா ஹீரோவுக்கு நாக்கு குழறும்?" அதான்.

கதிர் அந்த சாக்கை கம்பெனி முதலாளிகிட்ட தாராளமா சொல்லலாம், வீட்ல சொல்லலாம், யாரும் மறுக்க மாட்டாங்க. ஆனா தூக்குக்குண்டு பிடிக்க சொல்லிக் கொடுத்த மேஸ்திரிகிட்ட சொல்ல முடியாது, ஏன்னா பூச்சுக்கு உள்ள என்ன இருக்குன்னு ரெண்டு பேருக்குமே தெரியும். கூட்டாளியோட தகுதி அவரோட ஒழுக்கத்துல இருந்து வரல, ஹீரோவை அவர் எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கார் அப்படின்றதுல இருந்து வருது.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை. ஏழை வேலைக்காரர், சாகப் போற மனைவி, வெகுளியான ஊமைப் பையன், இவங்களை மனசாட்சியா போடுறது ரொம்ப சுலபம், கை தானா அங்கதான் போகும். அவங்களுக்குன்னு வேற ஒண்ணும் இல்லாம ஹீரோவை நல்லவனாக்குறதுக்கு மட்டுமே பிறந்த மாதிரி இருந்தா, நீங்க ஒரு மனுஷனை கருவியா யூஸ் பண்ணிட்டீங்கன்னு அர்த்தம். அடுத்த ஸ்டெப் அதுக்குத்தான்.

4. அவருக்கு ஒரு விலை, ஒரு கறை

விலைன்னா, பேசினா அவருக்கு என்ன போகும். மேஸ்திரியோட பையன் அதே சைட்ல இப்பதான் வேலைக்கு சேந்திருக்கான், இவர் வாயத் திறந்தா ரெண்டு பேரும் வெளிய. விலை இல்லாத ஆள் பேசுற பேச்சுக்கு எடை இருக்காது, சும்மா இருந்தாலே லாபம்னு இருக்குறவர் வாயத் திறக்கும்போதுதான் வாசகர் நிமிந்து உக்காருவார்.

கறைன்னா, அவரும் முன்னாடி ஒண்ணு பண்ணியிருக்கணும். எதாவது ஒரு கறை போதாது, அது ஹீரோவோட சாக்கு மாதிரியே ஒரு சாக்கு சொல்லி பண்ணதா இருக்கணும். மேஸ்திரி சின்ன வயசுல "நான் கலக்கலன்னா இன்னொருத்தன் கலப்பான்"னு சிமெண்ட் கம்மியா போட்டு கலவை கலந்தவர். அதனாலதான் கதிர் அந்த வாக்கியத்த ஆரம்பிக்கும்போதே இவருக்கு முடிவு தெரிஞ்சிருது.

இந்தக் கறைய எப்போ வெளிய விடுறது? தயவுசெஞ்சு சண்டைக்கு நடுவுல "நானும் ஒரு காலத்துல..."ன்னு ஃப்ளாஷ்பேக் போடாதீங்க. முன்னாடியே, சம்பந்தமில்லாத ஒரு இடத்துல, போற போக்குல ஒரு வரி விட்டுட்டுப் போயிடுங்க. எந்தப் பழைய கட்டடத்தப் பாத்தா அவர் அந்தப் பக்கமே நடக்க மாட்டார்னு மட்டும் காட்டினா போதும், மிச்சத்த வாசகரே பின்னாடி கோத்துக்குவார்.

இன்னொரு சின்ன விஷயம். கதை ஆரம்பத்துல எதாவது ஒரு சில்லறை விஷயத்துல கூட்டாளி தப்பாவும் ஹீரோ சரியாவும் இருக்கட்டும். எப்பவுமே சரியா இருக்குற ஆளை வாசகருக்கு நம்பப் பிடிக்காது.

5. ஏன் இன்னும் கூடவே இருக்கார்?

ரெண்டு பக்கமும் பதில் வேணும்: இவ்வளவு பிடிக்கலன்னா இவர் ஏன் விட்டுட்டுப் போகல, இவ்வளவு தொந்தரவுன்னா ஹீரோ ஏன் இவரைத் துரத்தல.

இதுக்கு ராமாயணத்துலயே பாடம் இருக்கு. ராவணன் பண்ணது தப்புன்னு விபீஷணனும் சொல்றான், கும்பகர்ணனும் சொல்றான். விபீஷணன் சொல்லிட்டு அந்தப் பக்கம் போயிடுறான், கும்பகர்ணன் சொல்லிட்டு இந்தப் பக்கமே நின்னு போர்ல சாகுறான். கம்பன்ல விபீஷணனே வந்து கூப்பிடும்போது கூட, இத்தனை நாள் வளத்து போர்க்கோலம் பூட்டி அனுப்பினவனுக்கு உயிரைக் கொடுக்காம வரமாட்டேன்னுதான் கும்பகர்ணன் சொல்றான். ஒரே வீடு, ஒரே தப்பு, ரெண்டு பேருக்கும் கட்டிப்போட்ட கயிறு வேற. உங்க கூட்டாளியோட கயிறு எதுன்னு ஒரு வரி எழுதி வச்சுக்கோங்க, கடன், பாசம், பயம், பழக்கம், எதுவா இருந்தாலும். "நல்ல நண்பன் அதனால கூட இருக்கான்" செல்லாது.

6. குரல்: எப்படி பேசுவார்

முதல்ல தடை பண்ண வேண்டிய வார்த்தைகள்: நியாயம், தர்மம், பாவம், மனசாட்சி, மனிதாபிமானம். கூட்டாளி வாயில இதுல ஒண்ணு கூட வரக்கூடாது. இந்த வார்த்தைகள் வந்த உடனே அவர் ஹீரோகிட்ட பேசுறத விட்டுட்டு வாசகரைப் பாத்து பேச ஆரம்பிச்சுடுறார்.

டிராஃப்ட்ல வழக்கமா வர்ற மாதிரி:

"தம்பி, நீங்க பண்றது நியாயமே இல்ல. நாளைக்கு இந்த பில்டிங்ல குழந்தைங்க எல்லாம் குடியிருக்கப் போகுது. உங்க மனசாட்சியத் தொட்டு சொல்லுங்க."

இதே இடம், மேல சொன்ன ஸ்டெப்களை எல்லாம் முடிச்சுட்டு எழுதினா:

மேஸ்திரி கரண்டியத் திருப்பிப் பிடிச்சு, பிடியால தூணை மேல இருந்து தட்டிக்கிட்டே வந்தார். இடுப்பு உயரத்துல சத்தம் மாறிச்சு. அதே இடத்துல இன்னும் ரெண்டு தட்டு தட்டினார்.

"கேக்குதா?"

"பூசிட்டா தெரியாது மேஸ்திரி."

"பூசிரலாம். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம்." கரண்டிய சட்டில போட்டார். "நீங்க எந்த ஃப்ளோர்ல வீடு எடுக்குறதா இருக்கீங்க, சார்?"

இதுல என்ன நடந்திருக்குன்னு பாருங்க. அவர் எதையும் மறுக்கல, பூசிரலாம்னுதான் சொல்றார். முதல்ல கை பேசுது, அப்புறம் ஒரு கேள்வி. எல்லாத்துக்கும் மேல அந்த "சார்". கதை முழுக்க ஆள் இருக்கும்போது "சார்", தனியா இருக்கும்போது "தம்பி"ன்னு கூப்பிட்டு வந்தவர், இப்போ யாருமே இல்லாதப்போ "சார்"ங்குறார். ஒரு பக்க அறிவுரை செய்ய முடியாத வேலைய அந்த ஒத்தை வார்த்தை செஞ்சிரும். நம்ம பேச்சுல உறவுமுறை, மரியாதை, நீ, நீங்க எல்லாமே இருக்குறதால இந்த வசதி நமக்கு கையிலயே இருக்கு, ஆனா டிராஃப்ட்ல இதை யூஸ் பண்றவங்க ரொம்ப கம்மி. ஒரே கண்டிஷன், முன்னாடியே பல தடவ சாதாரணமா அப்படி கூப்பிட வச்சு வாசகர் காதுக்கு பழக்கியிருக்கணும், அப்பதான் மாறும்போது உறைக்கும்.

நேரடியா சொல்றதா, சுத்தி சொல்றதா அப்படின்றதும் கூட்டாளியோட இடத்தப் பொறுத்தது. ஷேக்ஸ்பியரோட கிங் லியர் நாடகத்துல கென்ட்ங்குற பிரபு, நீங்க பண்றது தப்புன்னு ராஜா முகத்துக்கு நேரா சொல்றார், முதல் காட்சியிலயே நாடு கடத்தல். அதே உண்மைய அரண்மனை கோமாளி ஜோக்கா சொல்லிக்கிட்டே இருக்கான், சவுக்கடி மிரட்டல் வருதே தவிர வெளிய அனுப்பல. அதிகாரம் கம்மியா இருக்குற கூட்டாளிக்கு நேர் பேச்சு ஒரே ஒரு தடவதான் கிடைக்கும், அதை எங்க செலவு பண்ணப் போறீங்கன்னு இப்பவே முடிவு பண்ணிக்கோங்க.

7. எத்தனை தடவ, எந்த வரிசையில

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு கண்டிப்புன்னு வச்சா அலுத்துடும். மூணு தடவ போதும், ஒவ்வொண்ணும் வேற வகையா, வேற கனத்துல. முதல் தடவ லேசா, சிரிச்சுக்கிட்டே கடந்து போற மாதிரி. ரெண்டாவது ஒரு கேள்வி, ஹீரோ நேரா பதில் சொல்லாம பேச்சைத் திருப்புற மாதிரி. மூணாவது வார்த்தையே இல்ல, ஒரு மறுப்பு: பூசச் சொன்னதும் மேஸ்திரி பேசாம கரண்டிய கீழ வைக்கிறார். பேச்சுல ஆரம்பிச்சு செயல்ல முடியணும். தலைகீழா வச்சா, முதல்ல பெரிய மறுப்பு அப்புறம் வெறும் பேச்சுன்னு, கூட்டாளி தோத்துப் போன ஆள் மாதிரி தெரிவார்.

அதிகமா பேசினா என்ன ஆகும்னு தெரியணும்னா பினோக்கியோங்குற மரப்பொம்மைப் பையன் கதைல வர்ற பேசும் சில்வண்டைப் பாருங்க. 1883ல புத்தகமா வந்த கொலோடியோட கதைல அது நாலாவது அத்தியாயத்துல வந்து புத்தி சொல்லுது, பினோக்கியோ மரச்சுத்திய எடுத்து வீசுறான், அது அங்கயே செத்து சுவத்துல ஒட்டிக்குது. பின்னாடி ஆவியா வந்து மறுபடியும் புத்தி சொல்லுது, அது வேற விஷயம். 1940ல வந்த டிஸ்னி படத்துல அதே பூச்சிய கடைசி வரைக்கும் கூட வச்சுக்கணும்னு முடிவு பண்ணவுடனே அதுக்கு பேர், தொப்பி, குடை, பயம், தடுமாற்றம், மெடல் வாங்குற ஆசை எல்லாம் தேவைப்பட்டுச்சு. கூட்டாளி எவ்வளவு நேரம் இருக்கப் போறாரோ அவ்வளவுக்கு அவருக்கு சொந்த வாழ்க்கை வேணும்.

8. ஹீரோவை ஜெயிக்க விடுங்க

பலர் இங்கதான் சறுக்குறாங்க. கூட்டாளி பேசுறார், ஹீரோ தலையக் குனிஞ்சு நிக்குறான், காட்சி முடிஞ்சுது. இல்லங்க. ரெண்டாவது மோதல்ல வாதத்துல ஹீரோ ஜெயிக்கணும், அதுவும் கூட்டாளியோட விலைய வச்சே.

"உங்க பையன் வேலையும் இந்த கையெழுத்துலதான் நிக்குது மேஸ்திரி, அவன்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

மேஸ்திரிகிட்ட பதில் இல்ல. பதில் குடுக்காதீங்க. எழுதுறவருக்கு கை துறுதுறுன்னு வரும், எதாவது ஒரு பஞ்ச் குடுத்து பெரியவரை காப்பாத்திடலாம்னு, அடக்கிக்கோங்க. வாதத்துல ஜெயிச்ச ஹீரோ உள்ளுக்குள்ள தோத்துட்டு இருக்கான்னு வாசகருக்கு தெரியுறது இந்த இடத்துலதான்.

ஹீரோ கேட்டும் செய்யாத வகையும் ஒண்ணு இருக்கு, அது இன்னும் வலிக்கும். மகாபாரதத்துல திருதராஷ்டிரன் தூக்கம் வராம ராத்திரி விதுரரை அவனே கூப்பிட்டு அனுப்புறான். ராத்திரி முழுக்க கேக்குறான், நீ சொல்றது சரிதான்னு ஒத்துக்கவும் செய்றான், ஆனா துரியோதனனைப் பாத்தா என் மனசு திரும்பிடுது, எல்லாம் விதின்னு முடிச்சுடுறான். கவனிங்க, அங்க சாக்கு "விதி". விதுரரோட வாதத்துல ஓட்டையே இல்ல, இருந்தும் சாக்கு அசையல.

9. முறிவு, அதுக்கப்புறம் அந்த காலி இடம்

மூணாவது மறுப்புக்கு அப்புறம் ரெண்டு பேரும் பிரியணும். கோவிச்சுக்கிட்டுப் போகலாம், துரத்தப்படலாம். செத்தும் போகலாம், ஆனா சாவு கடைசி ஆப்ஷனா இருக்கட்டும், செத்துப் போனவர் சொன்னதுக்காகவே ஹீரோ திருந்துறது சீப்பான வழி.

பிரிவு எதுக்குன்னா, மனசாட்சி வெளிய ஒரு ஆளா இருக்குற வரைக்கும் ஹீரோ அதை அவர் தலையில போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம், "அவர்தான் கவலைப்பட இருக்காரே"ன்னு. ஆள் போனாதான் வேலை இவன் தலையில விழும். அதனால பிரிஞ்ச உடனே கதைய வேகமா ஓட்டாதீங்க, அந்த காலி இடத்துல கொஞ்சம் நில்லுங்க. புது மேஸ்திரி வரார், எது சொன்னாலும் "ஓகே சார்". சரியா சொன்னாலும் ஓகே, தப்பா சொன்னாலும் ஓகே. கதிர் வேணும்னே ஒரு அளவைத் தப்பா சொல்லிப் பாக்குறான், அதுக்கும் "ஓகே சார்". வேற எந்த விளக்கமும் வேணாம்.

10. முடிவு எடுக்குறப்போ கூட்டாளி அங்க இருக்கக்கூடாது

கண்டிப்பான ரூல், விதிவிலக்கு ரொம்ப கம்மி. அவர் பக்கத்துல நின்னா ஹீரோ அவருக்காக பண்ண மாதிரி ஆயிடும்.

மார்க் ட்வைனோட ஹக்கிள்பெரி ஃபின் நாவல்ல இதுக்கு நல்ல மாதிரி இருக்கு, அதுல ஹக்ங்குற பையன்தான் ஹீரோ. தப்பிச்சு ஓடி வந்த அடிமை ஜிம்மை காட்டிக் கொடுக்குறதுக்கு ஹக் லெட்டர் எழுதிட்டான். அவன் வளந்த சமூகம் அதைத்தான் நல்ல காரியம்னு சொல்லிக் கொடுத்திருக்கு, காட்டிக் கொடுக்கலன்னா நரகம்னு நிஜமாவே நம்புறான். அந்த நேரத்துல ஜிம் அங்க இல்ல. படகுல தனக்காக ஜிம் தூங்காம காவல் இருந்தது ஹக்குக்கு ஞாபகம் வருது, நரகத்துக்கே போறேன்னு லெட்டரைக் கிழிச்சுடுறான். ஜிம் அந்த விஷயத்துல அறிவுரை சொல்லி ஜெயிக்கல, கூட வாழ்ந்த விதம் ஜெயிச்சுது. ஊரே சொல்ற மனசாட்சி ஒரு பக்கம், கூட்டாளி ஒரு பக்கம்னு பிரிக்க முடிஞ்சா உங்க கதைக்கும் அது பெரிய பலம்.

கதிர் விஷயத்துல, மேஸ்திரி சொன்ன எந்த வசனமும் அவன் காதுல ஒலிக்க வேணாம், எக்கோ எஃபெக்ட் எல்லாம் வேணவே வேணாம். அவனே ஒரு கரண்டிய வாங்கித் திருப்பிப் பிடிச்சு தூணைத் தட்டட்டும். கூட்டாளியோட ஒரு பழக்கத்த ஹீரோ கைக்கு மாத்துறதுதான் இங்க டெக்னிக், அதுக்காகத்தான் 6வது ஸ்டெப்ல அந்த செயலை முன்னாடியே விதைச்சு வச்சோம்.

11. கூட்டாளி மனுஷன் இல்லன்னா

விலங்கு, பேய், மெஷின், ஹீரோவுக்கு மட்டும் கேக்குற குரல், எதுவானாலும் மேல உள்ளதே போதும். கூடுதலா ஒண்ணே ஒண்ணு: அதுக்கு என்ன தெரியாது, எது செய்ய முடியாதுன்னு எழுதி வச்சுக்கோங்க. எல்லாம் தெரிஞ்ச பேய் மனசாட்சியா இருந்தா அது கடவுள் ஆயிடும், கடவுள்கிட்ட வாதம் பண்ணி ஜெயிக்க முடியாதுல்ல, 8வது ஸ்டெப் படுத்துடும்.

12. திருத்தும்போது

டிராஃப்ட் முடிஞ்சதும் கூட்டாளியோட வசனங்களை மட்டும் தனி ஃபைல்ல காப்பி பண்ணி வரிசையா படிங்க. காலைல வர்ற குட்மார்னிங் மெசேஜ் மாதிரி இருந்தா ஆள் இன்னும் பிறக்கல. அவருக்கு பசி, கடுப்பு, கிண்டல், சொந்த வேலை எதாவது ஒண்ணு அந்த ஃபைல்ல தெரியணும்.

அடுத்து, அவர் பேசுற ஒவ்வொரு பெரிய பேச்சோட கடைசி வாக்கியத்த வெட்டிப் பாருங்க. விளக்கம் சொல்ற வாக்கியம் பெரும்பாலும் அங்கதான் ஒளிஞ்சிருக்கும், வெட்டின பிறகு காட்சி இன்னும் புரியுதுன்னா வெட்டினது சரி.

கடைசியா, அவரை கதையில இருந்து மொத்தமா தூக்கிட்டு ஹீரோவோட முடிவு மாறுதான்னு பாருங்க. மாறலன்னா வசனத்த எவ்வளவு மெருகு போட்டாலும் பிரயோஜனம் இல்ல, 2வது ஸ்டெப்புக்குப் போய் சாக்கை மறுபடியும் எழுதுங்க.